பிரிவது வேறு, சுதந்திரம் வேறு: அங்குயிலா தீவின் கதை

“ஒரு குட்டித் தீவு, தன்னை ஆளும் பெரிய நாட்டிலிருந்து பிரிந்து, இனி நான் தனி நாடு என்று அறிவித்தால் அது செல்லுமா? உலகத்தில் யாராவது அப்படிச் செய்து நிலைத்திருக்கிறார்களா?” என்பது கேள்வி.

ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க முடியாது. காரணம், இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவருடைய ஆட்சியிலிருந்து பிரிவது ஒன்று. தனி நாடாக நிற்பது இன்னொன்று. நாம் பேச்சில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். தீவுகளின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் பல நேரம் தனித்தனியாகவே நடந்திருக்கின்றன. இதை விளக்கக் கரீபியன் கடலில் இருக்கும் அங்குயிலாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்தத் தீவின் கதையையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்குயிலா என்றால் ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் விலாங்கு மீன். தீவின் வடிவமும் அதுதான்: 26 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலும் 5 கிலோமீட்டர்தான். மொத்தம் 91 சதுர கிலோமீட்டர். சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண், குறைந்த மழை, ஆறு ஒன்றுகூடக் கிடையாது. 1967-ல் அங்கே இருந்தவர்கள் சுமார் ஆறாயிரம் பேர்.

இந்த வறண்ட மண்ணில்தான் அரசியல் தொடங்குகிறது. கரீபியன் தீவுகளில் பெரும்பாலானவை கரும்புத் தோட்டங்களாக இருந்தவை. முதலாளி ஒருவர், அவர் நிலத்தில் உழைக்கும் ஆயிரம் பேர் என்பதுதான் அங்கே அமைப்பு. அங்குயிலாவில் கரும்பு சரியாக வரவில்லை. தோட்டக்காரர்கள் கைவிட்டுப் போனார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் கைக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். மீன் பிடித்தார்கள், உப்பளத்தில் உப்பு வாரினார்கள், பாய்மரப் படகு கட்டினார்கள். அந்தப் படகில் ஏறி டொமினிக்கன் குடியரசுக்குக் கரும்பு வெட்டப் போய் வந்தார்கள். ஏழைகள்தான், ஆனால் யாரிடமும் கைகட்டி நிற்காத ஏழைகள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் குணம் இருக்கிறது.

அவர்களை ஆண்டது செயிண்ட் கிட்ஸ் தீவு. 1825-ல் பிரிட்டன் தன் நிர்வாக வசதிக்காக அங்குயிலாவை செயிண்ட் கிட்ஸுடன் சேர்த்துவிட்டது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இந்தச் சேர்க்கை எவ்வளவு விநோதம் என்பது தெரியும். இரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். நடுவில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் சொந்தமான தீவுகள். அங்குயிலாக்காரருக்குக் கண்ணெதிரே தெரிவது செயிண்ட் மார்ட்டின் தீவு. கடையும் வேலையும் சொந்தபந்தமும் அங்கேதான். செயிண்ட் கிட்ஸ் என்பது வரி கட்டுவதற்கும் மனு கொடுப்பதற்கும் மட்டும் இருந்த ஊர்.

மனுவும் கொடுத்துப் பார்த்தார்கள். எங்களை செயிண்ட் கிட்ஸிலிருந்து பிரித்து நேரடியாக நீங்களே ஆளுங்கள் என்று 1872-லேயே லண்டனுக்கு எழுதினார்கள். 1958-ல் மறுபடியும் பிரிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. 1967-ல் அந்தத் தீவில் பொது மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, தார் ரோடு கிட்டத்தட்டக் கிடையாது. தொலைபேசிக் கம்பிகள் 1955-ல் ஒரு புயலில் விழுந்தவை, அப்புறம் யாரும் எழுப்பவில்லை. அந்தக் கம்பிகளை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் அவற்றைத் தினமும் பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு, தலைநகரம் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1967 பிப்ரவரி 27 அன்று பிரிட்டன், செயிண்ட் கிட்ஸ், நெவிஸ், அங்குயிலா மூன்றையும் ஒரே “இணைந்த அரசு” ஆக்கியது. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் கையில், மீதி எல்லாம் உள்ளூர் அரசின் கையில். சட்டமன்றத்தில் மொத்தம் பத்து இடங்கள்: செயிண்ட் கிட்ஸுக்கு ஏழு, நெவிஸுக்கு இரண்டு, அங்குயிலாவுக்கு ஒன்று. லண்டனுக்கு இது சுதந்திரத்தை நோக்கி ஒரு படி. அங்குயிலாவுக்கோ, இதுவரை முறையிடக் கடைசியாக ஒரு கதவு இருந்தது, அதையும் சாத்திவிட்டார்கள் என்று பட்டது.

முதல்வர் ராபர்ட் பிராட்ஷா. இவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். செயிண்ட் கிட்ஸின் கரும்புத் தொழிலாளிகளுக்கு அவர் விடிவெள்ளி. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து, தொழிற்சங்கம் வழியாக மேலே வந்து, தோட்ட முதலாளிகளை எதிர்த்து நின்றவர். ஆனால் அங்குயிலாவில் தோட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. அவருக்கு அங்கே ஓட்டும் இல்லை. அந்தத் தீவைப் பாலைவனமாக்காமல் விடமாட்டேன் என்று அவர் சொன்னதாக அங்குயிலாவில் தலைமுறை தாண்டியும் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. இன்று அங்குயிலாவை விட்டால் நாளை நெவிஸ் கிளம்பும், பிறகு என் கையில் என்ன நாடு மிஞ்சும் என்ற பயம். அது வீண் பயம் இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1967 மே 29 அன்று ஊர்ப் பூங்காவில் பெரிய கூட்டம் கூடியது. செயிண்ட் கிட்ஸ் போலீஸ் வெளியேற வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. மறுநாள், இருந்த ஒரு டஜனுக்குச் சற்றுக் கூடுதலான போலீஸ்காரர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். படை திரும்பி வந்து இறங்கிவிடக் கூடாதே என்று விமான ஓடுபாதை முழுக்க எண்ணெய் டிரம்களை உருட்டி வைத்தார்கள், வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். தங்களுக்கு வேண்டிய சரக்கு வந்தால் டிரம்களை உருட்டி எடுத்துவிட்டு, விமானம் போனதும் மறுபடி உருட்டி வைப்பது. ஒரு நாட்டின் எல்லைக் காவல் அந்த டிரம்கள்தான். மே 30 இன்றும் அங்கே அங்குயிலா தினம், பொது விடுமுறை.

ஜூலை 11 அன்று வாக்கெடுப்பு. பிரிவுக்கு ஆதரவாக 1,813 ஓட்டு, எதிராக 5. பெரிய நாடுகளில் இப்படி ஒரு கணக்கு வந்தால் நான் சந்தேகப்படுவேன். இங்கே சந்தேகப்படக் காரணம் இல்லை. அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடும் தீவு அது, வாக்கெடுப்பை வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தலைமை தாங்கியவர் பீட்டர் ஆடம்ஸ். அந்த ஒற்றைச் சட்டமன்ற இடத்தில் இருந்தவர் அவர்தான். அதே மாதம் பார்படோஸில் நடந்த பேச்சுவார்த்தையில், செயிண்ட் கிட்ஸுடன் திரும்பச் சேரும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். தீவு அதை ஏற்கவில்லை. தலைமை ரொனால்ட் வெப்ஸ்டர் கைக்குப் போனது. செயிண்ட் மார்ட்டினில் பல வருஷம் பண்ணையில் வேலை பார்த்துக் கொஞ்சம் வசதியானவர், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பக்திமான். அதிகம் பேசமாட்டார், ஆனால் வளைக்க முடியாத ஆள். ஆடம்ஸைத் துரோகி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான்கு அரசுகளின் பிரதிநிதிகள் சுற்றி உட்கார்ந்து, படை வரும் என்று மிரட்டும்போது, ஆறாயிரம் பேரின் உயிருக்குப் பயந்த மனிதர் அவர்.

சரி, நாடு என்று அறிவித்தாகிவிட்டது. மறுநாள் காலையில் என்ன செய்வது? இந்தக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. செயிண்ட் கிட்ஸ் தபால் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. கையில் இருந்ததோ செயிண்ட் கிட்ஸின் பழைய தபால்தலைகள். அவற்றின் மேலேயே “சுதந்திர அங்குயிலா” என்று கறுப்பு எழுத்தில் அடித்து விற்றார்கள். உலகம் முழுக்கத் தபால்தலை சேகரிப்பவர்கள் வாங்கினார்கள், அந்தக் காசு அரசை ஓட்ட உதவியது. பிறகு நாணயம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் விளம்பரக்காரரும் அவர்கள் நண்பர்களும் அங்குயிலா மேல் ஈர்ப்புக் கொண்டு உதவிக்கு வந்தார்கள். மெக்சிகோ, பெரு போன்ற நாடுகளின் பழைய வெள்ளிக் காசுகளை வாங்கி, அவற்றின் மேல் “அங்குயிலா விடுதலை டாலர், ஜூலை 11, 1967” என்று அச்சு அடித்தார்கள். அந்தக் காசின் படத்தை உற்றுப் பார்த்தால், புது எழுத்துகளுக்கு அடியில் பழைய நாட்டின் உருவம் இன்னும் மங்கலாகத் தெரியும். கழுகின் இறக்கை ஒரு பக்கம், அதன் மேல் தேதி.

சிறியதே வாழத் தகுந்தது என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் லியோபோல்ட் கோர், அப்போது பக்கத்தில் புவெர்ட்டோ ரிக்கோவில் பேராசிரியர். அவரும் ஓடி வந்தார். ஹார்வர்டின் சட்டப் பேராசிரியர் ரோஜர் ஃபிஷர் அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க அறிக்கை வெளியிட்டு உலகத்திடம் உதவி கேட்டார்கள். ஜெரமையா கம்ஸ் என்ற அங்குயிலாக்காரர் ஐ.நா.வின் காலனி ஒழிப்புக் குழு முன்னால் போய்த் தன் தீவுக்காகப் பேசினார்.

அந்தக் குழுவுக்கு இது பெரிய தர்மசங்கடம். ஏனென்றால் அங்குயிலா முதலில் கேட்டது சுதந்திரம் அல்ல. செயிண்ட் கிட்ஸ் வேண்டாம், பிரிட்டனே நேராக ஆளட்டும் என்றுதான் கேட்டார்கள். காலனிகளை விடுவிப்பதற்காக உட்கார்ந்திருக்கும் சபையில் ஒருவர் வந்து, எங்களைக் காலனியாகவே இருக்க விடுங்கள் என்றால் என்ன பதில் சொல்வார்கள்? பிரிட்டனும் ஏற்கவில்லை, வேறு யாரும் ஏற்கவில்லை. எல்லாக் கதவும் சாத்திய பிறகு நின்ற இடம்தான் சுதந்திரம்.

1968 தொடக்கத்தில் ஓராண்டுக்கு இடைக்கால ஏற்பாடாக டோனி லீ என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்து தீவுக் குழுவுடன் சேர்ந்து நிர்வாகம் பார்த்தார். அது முடிந்ததும் லண்டன் கையை விரித்தது. 1969 பிப்ரவரியில் இரண்டாவது வாக்கெடுப்பு: 1,739-க்கு 4. அங்குயிலா குடியரசு ஆனது, வெப்ஸ்டர் ஜனாதிபதி ஆனார். மார்ச் 11 அன்று லண்டனிலிருந்து இளநிலை அமைச்சர் வில்லியம் விட்லாக் ஒரு திட்டத்துடன் வந்தார். அதைத் தீவின் தலைவர்களிடம் பேசி முடிவு செய்யவில்லை, துண்டுப் பிரசுரமாக மக்களிடம் விநியோகித்தார். துப்பாக்கி ஏந்தியவர்கள் அவர் தங்கிய வீட்டைச் சுற்றி நிற்க, வந்த அன்றே திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 19 விடியற்காலையில், மினர்வா, ராத்சே என்ற இரண்டு போர்க்கப்பல்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பாராசூட் படை வீரர்கள் தீவில் இறங்கினார்கள். கூடவே லண்டன் மாநகரப் போலீஸ்காரர்களும் வந்தார்கள். தீவு ரவுடிக் கும்பல்களின் கையில் இருக்கிறது என்று பாராளுமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். இருட்டில் கரையில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அது துப்பாக்கி இல்லை, காத்திருந்த பத்திரிகைக்காரர்களின் கேமரா. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. உலகப் பத்திரிகைகள் இதைப் பெரிய நகைச்சுவையாக எழுதித் தீர்த்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு வருஷமாக எங்களை நீங்களே ஆளுங்கள் என்று கெஞ்சியவர்கள் வீட்டுக் கதவை அந்தப் பிரிட்டனே துப்பாக்கியோடு வந்து தட்டியது. உள்ளே இருந்த வயதானவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனாலும் அங்கேதான் விஷயம் திரும்பியது. படை வந்துவிட்டது, ஆனால் யாருக்காக ஆள்வது? செயிண்ட் கிட்ஸிடம் ஒப்படைத்தால் மறுபடி கலகம். அப்படியே விட்டுப் போனால் மறுபடி குடியரசு. லண்டன் தானே ஆள வேண்டியதாயிற்று. ராணுவப் பொறியாளர்கள் ரோடு போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1971-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அங்குயிலா சட்டம் இயற்றியது. 1976-ல் தனி அரசியல் சட்டம் வந்தது, வெப்ஸ்டர் முதலமைச்சர் ஆனார். 1980 டிசம்பர் 19 அன்று செயிண்ட் கிட்ஸிலிருந்து அங்குயிலா சட்டப்படி முழுதாகப் பிரிந்தது. இன்றும் அது பிரிட்டனின் கடல்கடந்த பிரதேசம். ஆளுநர் லண்டனிலிருந்துதான் வருகிறார்.

ஆக, சுதந்திரம் கிடைக்கவில்லை. பிரிவு கிடைத்தது. அவர்கள் 1872-ல் கேட்டது அதைத்தான்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். நாடு என்றால் என்ன என்பதற்கு 1933-ன் மான்டிவிடியோ உடன்படிக்கை நான்கு அடையாளம் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன். இதில் அளவு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அங்குயிலாவிடம் முதல் மூன்றும் இருந்தன. நாலாவது, யாராவது அங்கீகரித்தால்தானே வரும்? ஒருவரும் அங்கீகரிக்கவில்லை.

அங்குயிலா சின்னதாக இருந்ததால் தோற்றது என்று சொல்பவர்களிடம் நான் நவ்ருவைக் காட்டுவேன். பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர், அங்குயிலாவில் கால்வாசிகூட இல்லை. மக்கள்தொகையும் சில ஆயிரம்தான். அது 1968 ஜனவரி 31 அன்று, அங்குயிலா தவித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், முழுச் சுதந்திர நாடாகி இன்று ஐ.நா.விலும் இருக்கிறது. வித்தியாசம் என்ன? நவ்ருவை ஆண்டவர்கள் சம்மதித்தார்கள், அது ஐ.நா.வின் மேற்பார்வையில் ஆளப்பட்ட பொறுப்பாட்சிப் பிரதேசமாகவும் இருந்தது. அங்குயிலாவின் “மேலிடம்” சம்மதிக்கவில்லை.

1960-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514-வது தீர்மானத்தைப் படித்தால் சிக்கல் அப்படியே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது பத்தி, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்கிறது. ஆறாவது பத்தி, ஒரு நாட்டின் ஒற்றுமையையும் நில ஒருமைப்பாட்டையும் குலைப்பது ஐ.நா. சாசனத்துக்கு எதிரானது என்கிறது. தீவு இரண்டாவது பத்தியைக் காட்டும், தலைநகரம் ஆறாவது பத்தியைக் காட்டும். சுதந்திரம் என்று அறிவிப்பதே குற்றமா என்றால், இல்லை. கொசோவோ விவகாரத்தில் 2010-ல் சர்வதேச நீதிமன்றம் அப்படித்தான் கருத்துச் சொன்னது. அறிவிப்பைச் சர்வதேசச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அறிவித்துவிட்டதாலேயே நாடாகிவிட முடியாது.

என் கணிப்பில், இந்தச் சட்ட விவாதங்களைவிட அதிகம் தீர்மானிப்பது காலம்தான். கேட்பது பெரிய நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், எல்லைக் கோட்டை அழித்து வேறு இடத்தில் போடும் அதிகாரம் இன்னும் ஆள்பவர்கள் கையில் இருக்கிறது. துவாலுவைப் பாருங்கள். 26 சதுர கிலோமீட்டர்தான். கில்பர்ட் தீவுகளோடு ஒரே காலனியாக இருந்தது. 1974-ல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிவைக் கேட்டது, பிரிட்டன் ஒத்துக்கொண்டு பிரித்தது, 1978-ல் சுதந்திரம். அங்குயிலாவும் இந்தக் கணக்கில்தான் தப்பியது. செயிண்ட் கிட்ஸ் சுதந்திரம் பெற்றது 1983 செப்டம்பர் 19-ல். அங்குயிலா மூன்று வருஷம் முந்திக்கொண்டது.

நெவிஸ் முந்திக்கொள்ளவில்லை. செயிண்ட் கிட்ஸுடனேயே சேர்ந்து சுதந்திரம் பெற்றது. ஆனால் விரும்பினால் பிரியலாம், அதற்கு வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவில் எழுதி வாங்கிக்கொண்டது. 1998 ஆகஸ்ட் 10-ல் வாக்கெடுப்பு நடந்தது. பிரிவுக்கு 2,427, எதிராக 1,498. கிட்டத்தட்ட 62 சதவீதம் பேர் பிரிய வேண்டும் என்றார்கள், ஆனால் 66.7 தேவை. நெவிஸ் இன்றும் கூட்டாட்சிக்குள்தான் இருக்கிறது. பிராட்ஷாவின் பயம் வீண் இல்லை என்று சொன்னேனே, அது இதுதான். அதே நேரம், பிரியும் வழியைச் சட்டத்திலேயே எழுதி வைத்ததால் ஓட்டுப் பெட்டியோடு அந்தச் சண்டை முடிந்தது. யாரும் ஓடுபாதையில் டிரம் உருட்ட வேண்டியிருக்கவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மோசமான பக்கமும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் கொமோரோஸ் நாட்டின் அஞ்சுவான் தீவு 1997-ல் பிரிந்துவிட்டதாக அறிவித்தது. அங்கேயும் முதல் கோரிக்கை எங்களைப் பிரான்ஸே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான். பக்கத்தில் இருக்கும் மயோட், கொமோரோஸ் சுதந்திரம் அடைந்தபோதே பிரான்ஸுடன் தங்கிவிட்டிருந்தது. அங்கே மருத்துவமனையும் சம்பளமும் எப்படி இருக்கின்றன என்பதை அஞ்சுவான் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸ் மறுத்துவிட்டது. சமரசம், மறுபடி சண்டை என்று பத்து வருஷம் இழுத்து, 2008 மார்ச்சில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படையோடு கொமோரோஸ் ராணுவம் தீவைத் திரும்பப் பிடித்தது. அங்குயிலா, அஞ்சுவான் இரண்டின் கோபமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 1997-ல் அஞ்சுவானுக்காக எல்லைக் கோட்டை மாற்றிப் போட யாரும் இல்லை.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. அறிவித்தால் மட்டும் செல்லாது. அறிவித்த பிறகு, திரும்பி வரமாட்டோம் என்று தீவு முழுக்க வருஷக்கணக்கில் நின்றால், மேலே சம்மதிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தால், பிரிவு கிடைக்கலாம். அதற்கு மேல் தனி நாடாக நிற்பதா என்பது அவர்களே தங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அங்குயிலா போட்டுப் பார்த்து, இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறது. அதை ஒரு தோல்வி என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

தனியாகப் பிரிந்ததால் கிடைத்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உலக நாடுகள், பிரதேசங்களின் குறியீட்டுப் பட்டியலில் தனி இடம் கிடைத்ததும் அங்குயிலாவுக்கு ஏ.ஐ. என்ற இரண்டெழுத்துக் குறியீடு வந்தது. அந்தக் குறியீடு அதற்கு முன்பு, இன்று ஜிபூட்டி எனப்படும் பிரெஞ்சுப் பிரதேசத்துடையது. 1977-ல் ஜிபூட்டி சுதந்திரம் பெற்றுப் பேரை மாற்றிக்கொண்டதால் காலியானது. இணையம் வந்தபோது அதுவே ‘.ஏஐ’ முகவரி ஆனது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எல்லாம் இப்போது அந்த முகவரிக்காகத்தான் வரிசையில் நிற்கின்றன. 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர் வந்தது, அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். செயிண்ட் கிட்ஸுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த இரண்டு எழுத்தும் அங்குயிலாவுக்கு வந்திருக்காது. டிரம் உருட்டிய அந்த ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது ஒரு விமான நிலையம் இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் வெப்ஸ்டருடையது இல்லை, தீவின் முதல் விமானியாக வானில் பறந்த கிளேட்டன் லாயிடுடையது. வெப்ஸ்டரின் பெயர், 1967 மே 29 அன்று கூட்டம் கூடிய அந்தப் பூங்காவுக்கு.